விமானத்தின் இரண்டு சக்கரங்கள்

அப்பு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மலையேறும் நாளில் அவர் சொன்னபடி கேட்பதில்லை. அவரும் யார் சொன்னபடியும் கேட்பதில்லை என்பதால் அவர்களுக்குள் சரியாகப் போய்விடுகிறது. உன் தங்கை பாக்கியம் மசக்கையில் எதைக் கண்டாலும் முகம் சுளிக்கிறாள், நான் கீழே அவளோடு இருந்த நாட்களில் என் சமையலை மட்டும் சுளிக்காமல் சாப்பிட்டாள். நான் இதை மலைவீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து மேகம் இறங்கி ஜன்னலை மூடிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் கொஞ்சம் விலகி, கீழே போடி தெரிகிறது.

நீ அஸ்ஸாமுக்கு மாற்றலாகிவிட்டதாகவும், விமானப்படையில் இன்னும் பல வருடங்கள் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், பொங்கலுக்கு வரமுடியாதென்றும் எழுதிய கடிதம் வந்து சில வாரங்கள் ஆகின்றன. கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல ஒரு வரி கேட்டிருந்தாய்: அந்த விமானப் பெட்டியை அப்பா திறந்தாரா என்று. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு எழுதியிருந்தால் பாதிக் கதைதான் எழுதியிருப்பேன். முந்தாநாள்தான் அது முடிந்தது. உன் அப்பா உனக்கு ஒருநாளும் கடிதம் எழுதப் போவதில்லை, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் செய்ததை நான் எழுதுகிறேன். அதையே அவர் கடிதமாக எடுத்துக்கொள்.

நீ வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரே ஒரு பேச்சுத்தான், வாய்விட்டுப் பேசாத பேச்சு. நீ திரும்பி வந்து மலையைப் பார்ப்பாயா, மாட்டாயா. உன் அப்பா மலை என்று சொன்னால் அது போடிமெட்டுக்குக் கீழே நம் ஏலத் தோட்டம் மட்டும்தான், மற்ற மலைகளெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. "நான் போனா இந்த மலைய யாரு பாக்குறது?" என்று அவர் கேட்டார். "நான் பாக்கலப்பா, எனக்கு அது வேண்டாம்" என்று நீ சொன்னாய். அவ்வளவுதான் சண்டை. மற்ற வீடுகளில் சண்டை என்றால் பாத்திரமாவது உருளும். நம் வீட்டில் இரண்டு வாக்கியத்தில் முடிந்து, வருடக்கணக்கில் நிற்கிறது. நீ பஸ் ஏறின அன்று அவர் விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் நீ அடிக்கடி திரும்பிப் பார்த்தாய். அப்பா வருவார் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வரமாட்டார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. முறுக்குப் பொட்டலத்தை உன் கையில் திணித்து, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே என்றேன். தாய் பேசுகிற பேச்சா அது என்று பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பார்சல் வந்தது ஆடி மாதத்தில். எனக்கு ஒரு சேலை, பாக்கியத்துக்கு வளையல், மாப்பிள்ளைக்கு ஒரு பேனா, அடியில் அந்தப் பெட்டி. பெட்டியின் மேல் படத்தில் ஒரு சண்டை விமானம் கடலுக்கு மேலே சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. கூடவே விரற்கடை அளவில் இரண்டு பெயிண்டு டப்பாக்கள். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். பயிற்சிப் பள்ளியில் முதன்முதலில் உங்களுக்குக் கழற்றி மாட்டக் கொடுத்த விமானம் இந்த ஜாதிதான், ஸ்பிட்ஃபயர் என்று பெயர், யுத்த காலத்தில் பறந்தது, இப்போது பழசாகிவிட்டது, அதன் சின்ன உருவம் பம்பாய்க் கடையில் கிடைத்தது, துண்டு துண்டாக இருக்கும், ஒட்டிச் சேர்த்தால் அச்சு அசல் அதேதான், அப்பா பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். காய் மூட்டையை எடை பார்க்கிற அதே கை. "பிள்ளைக வெளாடுற சாமான்" என்று சொல்லி, அதைப் பீரோவின் தலையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்று அவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பில்லாததை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிற மனுஷனா உன் அப்பா? அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் காய் எடுப்புக்காக நாங்கள் இருவரும் மலைக்கு வந்தோம். ஜீப்பில் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், கம்பளி எல்லாம் ஏற்றியாயிற்று. ஒரு கோணிச் சாக்கை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. வளைவுக்கு வளைவு ஜீப்பு ஆடுகிறது, அவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறார். "என்னங்க அது?" என்றேன். "முட்டை" என்றார். நம் வீட்டில் ஐப்பசியில் யார் முட்டை வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. சில பொய்களை அப்படியே விட்டுவிடவேண்டும், அப்பு. உனக்கும் கல்யாணமானால் தெரியும்.

மழை விடாத ஒரு மத்தியானம், ஆட்கள் எல்லாம் தங்கள் குடியிருப்பான லயத்துக்குப் போனபிறகு, காய் பொறுக்குகிற பலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அவர் பெட்டியைத் திறந்தார். நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்திலும் சாமான்கள் சின்னக் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தன, நம் ஏலச்சரத்தில் காய் தொங்குகிற மாதிரியே. உன் அப்பா சரத்தைக் கண்டால் சும்மா இருப்பாரா? உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். ஒன்றுகூட உடையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எடுத்ததை எல்லாம் கொட்டாங்கச்சிகளில் தரம் பிரித்துப் போட்டார். பெரிசு ஒன்றில், நடுத்தரம் ஒன்றில், பொடிசு ஒன்றில். கண்ணாடி மாதிரி இருந்த மூடியை மட்டும் தனியாக வைத்தார். வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இப்பப் பாரு, எம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்றார். நான் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது உதவும். ஏழையும் எட்டையும் சேர்த்து ஒட்டு, ஒன்பதைப் பன்னிரண்டில் செருகு என்று இருந்தது. நம்பர் எங்கே என்று தேடினேன். நம்பர் அத்தனையும் சட்டத்தில் இருந்தது. சட்டத்தை அவர் அடுப்புக்கு வைத்திருந்தார்.

நான் சிரித்த சிரிப்பில் லயத்து நாய் குரைத்தது. அவருக்குக் கோபம். "சாமானத் தரம் பிரிக்காம எவனாச்சும் வேலை பாப்பானா? நம்பர அதுல போட்டவனுக்கு அறிவு வேணாம்?" என்றார். பிறந்த பிள்ளையைக்கூடத் தூக்கியதும் எடை சொன்னவர் அவர். எதைக் கண்டாலும் பெரிசு சிறிசு என்று பிரித்துவைத்தால்தான் அவருக்கு மனசு அடங்கும். எது எதோடு சேர்ந்தது என்று பார்க்கிற கண் வேறு. அது என்னிடம் இருந்தது, ஏனென்றால் நான் ரவிக்கை தைக்கிறவள். முன்பக்கம், பின்பக்கம், கைத்துண்டு என்று வெட்டிப்போட்ட துணியில் எது எதற்கு ஜோடி என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். இறக்கைக்கு மேல்பாதி, கீழ்பாதி. உடம்புக்கு இடப்பக்கம், வலப்பக்கம். அப்படியே ஒவ்வொன்றாகப் பலகையில் பரப்பினேன். அன்றிலிருந்து மழை மத்தியானங்களில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் ஜோடி சேர்த்துக் கொடுப்பேன், அவர் பசை போட்டு ஒட்டுவார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை. நீ அனுப்பியது விமானமோ என்னவோ, எனக்கு அதில் கொஞ்சம் மனுஷன் கிடைத்தார்.

ஒருநாள் விமானத்தின் மூக்குக்கடியில் வைக்கிற ஒரு துண்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்மணி அளவுதான் அது. "இம்புட்டுப் பொடிசா இருக்கே. நெசமான வண்டியிலயும் இது இருக்கும்ல?" என்றார். இருக்கும் என்றேன். "அதயும் அவன்தான் கழட்டி மாட்டணுமா?" அவன்தான் என்றேன். "ஒண்ணு விட்டுப்போனா?" என்று கேட்டார். விட்டுப்போனால் மேலே பறக்கிறவன் கதி என்ன என்று அவரே யோசித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சோலி சின்னச் சோலி இல்ல" என்றார். அப்பு, நீ எந்தப் பெரிய அதிகாரியிடம் என்ன பெயர் வாங்கியிருந்தாலும் சரி, அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட்டாய். அவர் வாயிலிருந்து அது வர எத்தனை பாடு என்று கூட வாழ்கிற எனக்குத் தெரியும். நீ அப்போது பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

ஒட்டி முடித்துப் பெயிண்டும் அடித்தார். மேலே பச்சையும் பழுப்பும், படத்தில் இருந்தபடி. ஆனால் மழையும் மேகமும் விடவில்லை. பெயிண்டு பிசுபிசு என்றே இருந்தது. தொட்டால் விரல் ரேகை பதிந்தது. இந்த இடத்தில் உன் அப்பா என்ன செய்திருப்பார் என்று நீயே சொல்லிவிடுவாய். நீ வளர்ந்ததே ஸ்டோரில்தானே. பச்சைக் காயைக் கம்பித் தட்டுகளில் பரப்பி, வெளியே அடுப்பில் எரிகிற விறகுச் சூட்டை இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடவிட்டு உலர்த்துகிற அந்த அறையில், உன் தொட்டில் துணியிலிருந்து நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம் வரை எல்லாம் காய்ந்திருக்கிறது. மலையில் ஈரமான எதுவும் முதலில் போகிற இடம் ஸ்டோர்தான். கல்யாணப் பத்திரிகை நனைந்தால் ஸ்டோர், கம்பளி நனைந்தால் ஸ்டோர், ஒருமுறை மழையில் நனைந்து வந்த போஸ்ட்மேனையே உள்ளே உட்காரவைத்தார். அந்தப் பழக்கத்தில் விமானத்தை ஒரு தட்டில் வைத்து, வெரசாகக் காயட்டும் என்று குழாய்க்குப் பக்கத்துத் தட்டில் தள்ளி, கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

அடுப்பு எரிக்கிறது நம் குஞ்ஞப்பன்தான், மெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆள், உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் அவன் ஓடிவந்து, "ஐயா, விமானம் தளர்ந்து போயி. ஒண்ணு வந்து நோக்கணும்" என்றான். நாங்கள் போய்ப் பார்த்தோம். இரண்டு இறக்கையும் மழையில் நனைந்த கோழியின் இறக்கை மாதிரி கீழே தொங்கிவிட்டன. பெயிண்டு நன்றாகக் காய்ந்திருந்தது. நான் சிரித்துவிடுவேனோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. காய் கருகினாலும் கலங்காத மனுஷன், தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் அனுப்புனதயும் கெடுத்துட்டேன்" என்றார். அனுப்பியதையும் என்றார், அப்பு. அந்த 'உம்' எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. இத்தனை வருடமாக நீ அவரை உதறிவிட்டுப் போனதாக அவர் நினைக்கிறார் என்றே நான் எண்ணியிருந்தேன். தன்னால்தான் நீ போனாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குஞ்ஞப்பன் "சாரமில்ல ஐயா, சாரமில்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றான். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் பக்கத்தில் அதுதான் வார்த்தை. எனக்கு அது போதவில்லை. சூட்டில் வளைந்தது சூட்டில் நிமிராமலா போகும் என்று தோன்றியது. இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியைத் திறந்து, ஆவியில் இறக்கையைக் காட்டினேன். அது இளகியதும் துண்டைச் சுற்றிப் பலகையில் வைத்து அழுத்தச் சொன்னேன். "கொண்டா இங்கிட்டு, அமுக்கிப் பிடிங்க, ஆறுற வரைக்கும் எடுக்காதீங்க" என்று நான் அதட்ட, உன் அப்பா மறுபேச்சுப் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நன்றாக நிமிர்ந்துவிட்டது. மறுபக்கம் நுனியில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்தே நின்றுவிட்டது. போதும் விடு, இன்னும் நிமிர்த்தினால் ஒடியும் என்றேன். உன்னிடமும் ஒன்று சொல்கிறேன், கேட்டாலும் கேள், கேட்காவிட்டாலும் போ. யாரோடாவது மனசு கோணினால் முழுக்க நேராகட்டும் என்று காத்திருக்காதே. நுனியில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் பறக்கும் என்று விட்டுவிடு. இதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கே இட்லிப் பானை முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

மிச்சம் இருந்தது சக்கரம் மட்டும். தாளில் அதற்கு இரண்டு வழி போட்டிருந்தது. சக்கரத்தைக் காலோடு கீழே நிறுத்தி ஒட்டினால் விமானம் தரையில் இறங்கி நிற்கிற மாதிரி இருக்கும். சக்கரத்தை வைக்காமல் அடியில் இருக்கிற மூடியை ஒட்டிவிட்டால், மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டு பறக்கிற மாதிரி. எது வேண்டுமோ நீயே முடிவுசெய் என்று போட்டிருந்தது. நான் படித்துச் சொன்னதும் உன் அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எறங்கி நிக்கட்டும்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் பறக்கிற படம் போட்டிருக்கிறான், வாங்கி அனுப்பியவன் பறக்கிறதைத்தான் பார்த்து வாங்கியிருப்பான், பறக்கிற மாதிரியே ஒட்டுவோம் என்றேன். "பறந்துக்கிட்டே இருந்து என்ன பண்றது? எந்த வண்டியா இருந்தாலும் வீட்டுக்கு வந்து நின்னாத்தேன் வண்டி" என்றார். வண்டியைப் பற்றியா பேசுகிறோம் இருவரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பல நாள் சக்கரம் பலகையிலேயே கிடந்தது. அவர் ஒட்ட எடுப்பார், நான் முகத்தைத் திருப்புவேன், கீழே வைத்துவிடுவார்.

யுத்த காலத்தில் ஒரு விமானம் நம் மலைக்கு மேலே போனது உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது ஸ்டோர் களத்தில் ஓடி விளையாடுகிற வயது. மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று தாழ்வாக வந்து, மெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் எல்லாம் ஏலச்செடிக்குள் பதுங்கிவிட்டார்கள். உன் அப்பா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அது மறைகிறவரை காட்டினார். "அது எங்கப்பா எறங்கும்?" என்று நீ கேட்டாய். "நம்ம மலையில எறங்க எடம் எங்கடா இருக்கு? அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்" என்றார். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அதற்குப் பசிக்காதா, தூக்கம் வராதா என்று கேட்டுக் கேட்டு அழுதாய். உன் அப்பாவுக்கு அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யத் தெரியாது. உன்னை இறக்கிவிட்டுவிட்டுக் காய் பார்க்கப் போனார். நான்தான் உன்னை மடியில் போட்டு, அதற்கு ஒரு ஊர் இருக்கிறது, அங்கே அதன் அம்மா இருக்கிறாள் என்று ஏதோ சொல்லித் தூங்கவைத்தேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. ஜீப்புக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அஸ்ஸாம், கையெழுத்து, பொங்கலுக்கு இல்லை எல்லாம் படித்தேன். கடைசியில் விமானத்தை அப்பா திறந்தாரா என்று கேட்ட வரியையும் படித்தேன். கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் குஞ்ஞப்பனை அனுப்பினேன். ஐயா ரோட்டு வளைவில் நிற்கிறார் என்று வந்து சொன்னான். எந்த வளைவு என்றேன். "மகன் போன அன்னும் அவிடத்தானே நின்னது" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னதைக் கேள். நீ பஸ் ஏறின அன்று உன் அப்பா மலைக்கு வந்தார் இல்லையா, வந்தவர் தோட்டத்துக்குள் கால் வைக்கவேயில்லையாம். கீழே போடி ரோடு தெரிகிற அந்த வளைவில் நின்று, உன் பஸ்சு கிளம்பிப் புளியமரங்களுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாராம். பஸ் ஸ்டாண்டில் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய். கொஞ்சம் தலையைத் தூக்கி மலையைப் பார்த்திருந்தால் போதும், அப்பு. அவ்வளவு தூரத்தில் ஆள் தெரிந்திருக்காதுதான். ஆனாலும் பார்த்திருக்கலாம்.

மறுநாள் அவர் கீழே இறங்கிப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. நேராக ராசிங்காபுரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் பாக்கியத்தையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து, இனிமேல் மலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "மச்சான் வருவாருல மாமா, அதுவரைக்கும் நான் கூட நிக்கிறேன்" என்று மாப்பிள்ளை சொன்னாராம். "அதுவரைக்கும் இல்லப்பா. உங்க மலையாவே பாருங்க. அவனுக்கு அவன் சோலி இருக்கு" என்றாராம். மசக்கைக்குத் துணையாக நானும் பின்னாலேயே இறங்கிப்போய்ச் சில வாரம் அவளோடு இருந்தேன், அப்போது பாக்கியம் இதை அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். சந்தோஷத்தில் அழுதாளா, அப்பாவை நினைத்து அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. உனக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாமே என்று நான் அவரிடம் சண்டை பிடித்தேன். "கேட்டா அவன் சங்கடப்படுவான்" என்றார். உன் சங்கடத்தைப் பற்றி அவர் பேசியது எனக்குப் புதிது. ஆக, நீ வருவாயா மாட்டாயா என்ற பேச்சு இந்த வீட்டில் முடிந்துவிட்டது. நீ இனி அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். உன் அப்பா இறக்கி வைத்துவிட்டார்.

முந்தாநாள் இருவரும் மலைக்குத் திரும்பி வந்தோம். வந்ததும் அவர் கை கால் கழுவிவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்தார். சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மூடிகளை எடுத்துப் பசை தடவி விமானத்தின் அடிவயிற்றில் ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் பறக்கட்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். இப்போது நானே மாற்றிப் பேசினேன். "ஏங்க, வேண்டாம், நீங்க சொன்னபடி எறங்கியே நிக்கட்டும்" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "இங்க எறங்க எடம் எங்க இருக்கு, புள்ள? அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கட்டும்" என்றார். தோளில் உன்னை வைத்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. அவருக்கு அது நினைவிருந்ததா என்று நான் கேட்கவில்லை. என் அழுகையை அடுப்புப் புகை மேல் போட்டுவிட்டேன்.

சக்கரம் இல்லாத விமானத்தை எங்கே நிறுத்துவது? குஞ்ஞப்பன் கொண்டுவந்த நூலில் கட்டி, கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஜன்னலுக்குப் பக்கத்தில், கீழே சமவெளி தெரிகிற இடத்தில். கதவைத் திறந்தால் காற்றில் ஆடுகிறது. கோணல் இறக்கை கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டிருப்பதால் எந்நேரமும் திரும்பப் போகிற மாதிரி இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அப்பு. நீ பார்த்தால் எது எது கோணல் என்று பட்டியல் போடுவாய், ஆனாலும் அழகுதான். இன்னொன்றும் கவனித்தேன். நூலில் தொங்குகிற சாமான் ஒரு திசையில் நிற்குமா? காற்று அதை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுகிறது. உன் அப்பா காய் பார்க்கப் போகும்போதும் வரும்போதும் அதன் கீழே நின்று, விரல் நுனியால் மூக்கை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பிவிட்டுப் போகிறார். போய்க்கொண்டே இருக்கட்டும் என்று சொன்ன மனுஷன்தான். இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதும் வந்து திருப்பிவிட்டுப் போனார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. குளிருக்கு அங்கே என்ன போட்டுக்கொள்கிறான் என்று கேள் என்றார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். மலையைப் பார்க்க வா என்று இனி யாரும் கூப்பிடமாட்டார்கள், அதனால் நான் தைரியமாகக் கூப்பிடுகிறேன். லீவு கிடைக்கிறபோது வா. தங்க வேண்டாம், நிலைக்க வேண்டாம், வந்து நாலு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. பஸ்சு போடிக்குள் நுழையும்போது தலையைத் தூக்கி மலையைப் பார், அந்த வளைவில் ஆள் நிற்கும். இறங்க இடம் இல்லை என்று உன் அப்பா சொல்வதை நம்பாதே. அவர் பலகையைத் துடைத்துப் பெட்டியை அடுப்பில் போட்டபோது, நான் சக்கரம் இரண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டேன். என் குங்குமச் சிமிழுக்குள் இருக்கின்றன. நெற்றிக்கு வைக்கிறபோதெல்லாம் விரலில் படுகின்றன.

அம்மா